ஆறு மணிக்குப் பன்னெண்டு அடிக்கிற ஊரு

என்ன பேராண்டி, பொட்டி கட்டியாச்சா? எத்தியோப்பியாவுல காலேசு வாத்தியார் வேலைன்னு ஊரெல்லாம் பேச்சாக் கெடக்கு. ஒங்க சித்தப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஃப்ளெக்ஸ் வேற வச்சுட்டான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் கையைக் கட்டி நிக்கே. ஒனக்குப் பின்னால ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்கி. அது எந்த ஊரு ஒட்டகச்சிவிங்கின்னு ஃப்ளெக்ஸ் அடிச்சவனுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது.

சரி, பொட்டியைத் தொற. பாப்போம். வெயில் களிம்பு மூணு டப்பா. கழுத்துக்குன்னு தனியா ஒரு தலையணை. கொசு வராம இருக்கக் கையில மாட்டுத வளையம். கை தொடைக்க ஈரக் காயிதம் ஒரு கட்டு. எல்லாம் இருக்கு. சொட்டரு எங்கடே?

"ஆப்பிரிக்காவுக்கு எதுக்குத் தாத்தா சொட்டரு"ங்கியா? நல்லா இருக்கு. பூகோளம் படிக்காம ரீல்ஸ் படிச்சா இப்படித்தான் கேக்கத் தோணும். நம்ம கோவில்பட்டியும் அவங்க தலைநகரு அடிஸ் அபாபாவும் ஒரே கோட்டுல கெடக்கு, கேட்டியா? ரெண்டும் வடக்கே ஒம்பது பாகை. இங்கன இருந்து நேர் மேற்கே கடலைத் தாண்டிப் போனா அங்கதான் போய் முட்டுவே. ஆனா அந்த ஊரு ஊட்டியை விட ஒசரம். ஊட்டி 2,240 மீட்டர். அது 2,300-ஐத் தாண்டும். ஆடி ஆவணியில மழை பிடிச்சா விடாது, ஆலங்கட்டியும் சேந்து விழும். ராத்திரி கம்பளி இல்லாமக் கண்ணு மூடாது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதே. காத்து அங்க லேசு, அம்புட்டுத்தான்.

அந்தக் கழுத்துத் தலையணையைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த எடத்துல ஒரு குக்கரை வை. ஏன்னு கேளு. நான் அங்க கணக்கு வாத்தியாரா இருந்தப்ப பக்கத்து வீட்டுல ஒரு பிசிக்ஸ் வாத்தியாரு. நம்ம பக்கத்து ஆளுதான், பேரு எதுக்கு? காலையில போர்டுல எழுதிப் போடுவாரு: ஒசரம் போகப் போகக் காத்தழுத்தம் கொறையும், தண்ணி நூறு டிகிரிக்கு முந்தியே கொதிச்சுரும்னு. பிள்ளைங்க அதை நோட்டுல எழுதிக்கிடும். சாயங்காலம் மனுசன் வீட்டுக்கு வந்து சட்டியில துவரம்பருப்பைப் போடுவாரு. தளதளன்னு கொதிக்கும். பருப்பு மட்டும் வேகாது. "இந்த ஊரு வெறகுல சூடு இல்லய்யா"ம்பாரு. மறுநாள் பருப்பு மேல பழி. அதுக்கு மறுநாள் தண்ணி மேல. அந்த ஊருத் தண்ணி 92 டிகிரி வாக்குலயே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது, அவரு சொல்லிக் குடுத்த பாடந்தான். அவரு வீட்டுல வேலை பாத்த அம்மாவுக்கு எழுத்து வாசனையே கெடையாது. ராத்திரியே பருப்பை ஊறப் போட்டு, காலையில வேக வச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கு வாத்தியாரு ருசிச்சுத் தின்னுட்டு, மறுபடியும் போயி அதே பாடத்தை நடத்துனாரு.

இனிமேத்தான் பெரிய சோலி. கடிகாரம்.

அந்த ஊருல பொழுது விடிஞ்சா மணி பன்னெண்டு. நாம காலை ஆறுங்கோமே, அது. நம்ம ஏழு அவங்க ஒண்ணு. நம்ம எட்டு அவங்க ரெண்டு. உச்சிப் பொழுதுக்கு ஆறும்பாங்க. பொழுது அடஞ்சா மறுபடியும் பன்னெண்டு, அதுல இருந்து ராத்திரிக் கணக்கு தொடங்கும். ஆறைக் கூட்டு, இல்லன்னா ஆறைக் கழி. அஞ்சாப்புக் கணக்குத்தான். பிஎச்டி படிச்சவங்களுக்குத்தான் அது பிடிபடாது.

ஒரு கெமிஸ்ட்ரி டாக்டரு வந்தாரு. ஒசந்த படிப்பு, கழுத்துல டை. "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒங்க மொத வகுப்பு"ன்னு தலைமை வாத்தியாரு சொல்லிட்டாரு. இவரு மறுநாள் நல்லாத் தூங்கி முழிச்சு, குளிச்சு, ரசம் வச்சுச் சாப்பிட்டு, மத்தியானம் ரெண்டுக்குப் போயி நிக்காரு. வகுப்புல ஈ காக்கா இல்ல. பிள்ளைங்க காலையில எட்டுக்கே வந்து பாத்துட்டு, வேற பாடத்துக்குப் போயாச்சு. இவரு என்ன செஞ்சாரு? மாணவர்களுக்கு ஒழுக்கம் இல்லன்னு ரெண்டு பக்கத்துக்கு டைப் அடிச்சுக் கொண்டு போயிக் குடுத்தாரு. தலைமை வாத்தியாரு அந்தத் தாளைப் படிச்சாரு. சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு. காப்பி கொண்டாரச் சொன்னாரு.

அதோட விட்டுச்சா? லீவுல பஹிர் தார் போக பஸ்சுக்குச் சீட்டு வாங்கினாரு. பதினொரு மணி வண்டின்னு சொன்னாங்க. தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் பதினொண்ணுக்குப் போனாரு. அந்தப் பதினொண்ணு, விடியக்காலம் அஞ்சு. வண்டி அப்பப் பாதி வழி போயிருக்கும். தயிர்சாதத்தை பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து தின்னாரு.

ஆனா விமானத்துக்கு மட்டும் நம்ம மணிதான். அதனால எவன் எந்த மணி சொன்னாலும், "அபெஷா மணியா, ஃபெரெஞ்சி மணியா?"ன்னு கேட்டுக்கோ. அவங்க மணியா, வெளியூர்க்காரன் மணியான்னு அர்த்தம். கேக்கதுல வெக்கம் என்ன?

சிரிக்கியோ? சிரி, சிரி. சிரிச்சுட்டு ஒன் சாதகத்தை எடுத்துட்டு வா. மொத வரியில என்ன எழுதியிருக்கு? உதயாதி நாழிகை. சூரியன் கெளம்புனதுல இருந்து எண்ணுத கணக்கு. ஒன் பூட்டன் வரப்புல நின்னு நெழலைப் பாத்து நாழிகை சொன்னவரு. அங்க வருசம் பூராப் பொழுது விடியுறது ஆறை ஒட்டித்தான் இருக்கும், பூமத்திய ரேகைக்குக் கிட்டத்துல கெடக்குத தேசம். விடிஞ்சதும் எண்ண ஆரம்பிக்கான். இதுல என்ன கோட்டித்தனம் இருக்கு? நட்ட நடு ராத்திரியில நாள் பொறக்குதுங்கியே, அப்ப யாருடே முழிச்சிருக்கா? கள்ளனும் நீயுந்தான்.

வருசமும் அங்க தனிக் கணக்கு. நம்ம இங்கிலீஷ் வருசத்துக்கு ஏழெட்டு பிந்தி ஓடும். முப்பது முப்பது நாளா 12 மாசம். மிச்சம் இருக்க அஞ்சு நாளுக்கு, நாலு வருசத்துக்கு ஒருக்க ஆறு நாளுக்கு, தனியா ஒரு 13-ஆவது மாசம். வருசப் பொறப்பு செப்டம்பர் 11. ஒலகம் பூரா 2000 வந்தா கம்ப்யூட்டர் நின்னுரும்னு ஒப்பாரி வச்சு ஓஞ்சு போச்சு. அவங்க ஆற அமர 2007 செப்டம்பர்லதான் 2000-க்குள்ள காலெடுத்து வச்சாங்க. 13-ஆவது மாசத்துக்குச் சம்பளம் உண்டான்னு மட்டும் கேக்காதே. ஒனக்கு முந்திப் போன அத்தனை வாத்தியாரும் கேட்டாச்சு. அங்க போனதும் வயசு ஏழு கொறஞ்சு போச்சுன்னு பொண்ணு வீட்டுல அளந்துறவும் செய்யாதே. அவங்களுக்கும் கழிக்கத் தெரியும்.

நீ என்னமோ மொதல் ஆளாக் கப்பல் ஏறுதேன்னு நெனைச்சுக்கிடாதே. ஹைலே செலாசி ராசா காலத்துலயே நம்ம தேசத்து வாத்தியாமாரு அங்க குவிஞ்சாச்சு. 1974-ல ராசாவை எறக்கிட்டு, தெர்குன்னு பட்டாளத்து ஆட்சி வந்துச்சு. வாத்தியாமாரு பாட்டுக்கு போர்டுல எழுதிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இன்னைக்கும் அங்க தலை நரைச்ச ஆபீசரைப் பாத்தா, "எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது இந்தியாக்காரரு"ம்பாரு. அடிச்சதையும் சேத்துச் சொல்லுவாரு. அதுக்கு நான் பொறுப்பில்ல.

வகுப்புக்கு வா. பாடம் இங்கிலீஷ்ல. "புரிஞ்சுதா?"ன்னு கேப்பே. முன் பெஞ்சுப் பய "ஹக்"னு மூச்சை உள்ளுக்கு இழுப்பான். பதறாதே. இழுப்பு நோவு இல்ல. அதுதான் அங்க "ஆமா". ஒரு அம்மா, உயிரியல் டீச்சரு, இதைப் பாத்துட்டு வகுப்புல பாதிப் பேருக்கு ஆஸ்துமான்னு முடிவு கட்டிட்டாங்க. சன்னலை எல்லாம் தொறந்து விட்டு, ஒரு பையனைத் தாங்கலாப் பிடிச்சு ஆபீசு ரூமுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. "இவனுக்கு மூச்சு முட்டுது, பாத்தீங்களா?"ன்னு கேட்டா, தலைமை வாத்தியாரும் "ஹக்"ங்காரு. ஆனா அந்தப் பக்கத்தையும் பாக்கணும்லா? நீ சரிங்கதுக்குத் தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுவியே, அதைப் பாத்து அந்தப் பிள்ளைங்க முழிக்குத முழி இருக்கே. சாருக்கு ஆமாவா, இல்லையா, கழுத்துச் சுளுக்கா?

எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒன் பேரு, அப்பன் பேரு, தாத்தன் பேரு மூணையும் கேப்பான். குடும்பப் பேருன்னு ஒண்ணு அங்க கெடையாது. தன் பேருக்குப் பின்னால அப்பா பேரு. நம்ம இனிஷியல் கணக்குத்தான், நாம முன்னால ஒட்டுதோம், அவங்க பின்னால விரிச்சு எழுதுதாங்க. பிரதமரையே அபிய்னு அவரு சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அகமது அவங்க அப்பா பேரு. பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டத்தை என்ன போட்டு ரொப்பன்னு ஏஜெண்டு ஏஜெண்டா அலைஞ்சேல்லா? அங்க போயி நிம்மதியா இரு. என் பேரையும் சேத்து எழுது. எழுத்துப் பிழை இல்லாம.

சாப்பாடு. இஞ்செரான்னு ஒண்ணு வைப்பாங்க. சுளகு அகலத்துக்கு ஒரு தோசை, மேல பூராக் கண்ணு கண்ணா ஓட்டை. ஒரு பக்கந்தான் வேகும், திருப்பிப் போடுத வழக்கம் கெடையாது. ரெண்டு மூணு நாளு புளிக்க வச்ச மாவு, அதனால புளிப்புத் தூக்கலா இருக்கும். தோசைன்னு நம்பிச் சாம்பாரும் சட்டினியும் தேடாதே. அதும் மேலயே பருப்பு, கீரை, கடலைமாவுக் கொழம்புன்னு வெஞ்சனத்தைக் குட்டான் குட்டானா வைப்பாங்க. நாலு பேரு சுத்தி உக்காந்து, வலது கையால பிச்சுத் திங்கணும். ஒன் பக்கத்துல இருக்கதை மட்டும் தின்னு. எதுத்த ஆளு எல்லைக்குள்ள கையை நீட்டாதே.

அந்த மாவு தெஃப்புங்குத தானியம். கடுகை விடப் பொடிசு. கையில அள்ளினா விரலிடுக்குல ஒழுகிப் போயிரும். அது வெளையுத மண்ணைப் பாக்கணுமே! நம்ம கரிசல், பேராண்டி. மலை மேல கெடக்குத கரிசல். மழை பேஞ்சா காலை விடாது, காஞ்சா கை நுழையுத வெடிப்பு. ரெண்டு காளையைப் பூட்டி, மரக் கலப்பையைப் பிடிச்சு ஒரு பெரியவரு உழுதுக்கிட்டு இருந்தாரு. எறங்கிப் போயி ஒரு கட்டியை எடுத்து நொறுக்கிப் பாத்தேன். விளாத்திகுளம் பக்கத்து மண்ணேதான். என்ன ஏதுன்னு அவரு கேக்கல. வெவசாயி வீட்டுப் பயன்னு கண்டுபிடிச்சுட்டாரு போல. இப்ப அந்தத் தெஃப் மாவை அமெரிக்காவுல பாக்கெட்டுல போட்டு, குளூட்டன் இல்லன்னு சீட்டு ஒட்டி, யானை விலைக்கு விக்கான். நம்ம குதிரைவாலிக்கும் அதே கதிதான். ஒங்க ஆச்சி ஆக்கிப் போட்டப்ப மூஞ்சியைச் சுழிச்சே. இப்ப ஏசி கடையில வாங்கிப் போட்டோ எடுத்துப் போடுதே.

நீ சைவமாச்சே, ஒனக்குப் பயம் இல்ல. அங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முந்தி 55 நாளு ஒரே ஓட்டமா விரதம். கறி மட்டும் இல்ல, பால், நெய், முட்டை ஒண்ணும் தொட மாட்டாங்க. "சோம் சாப்பாடு"ன்னு கேட்டா எந்தக் கடையிலயும் பருப்பும் கீரையும் வந்துரும். வீகன் வீகன்னு நீங்க இப்பக் கெடந்து குதிக்கியளே, அவங்க அதைச் சத்தம் போடாமச் செஞ்சுக்கிட்டு வாராங்க. விரதம் முடிஞ்ச மறுநாள் விருந்துக்குக் கூப்பிட்டா மட்டும் விசாரிச்சுட்டுப் போ. பச்சை மாட்டுக்கறியை வேக வைக்காமலே மெளகாப்பொடியில தொட்டுத் திங்குத ஊரு அது.

ஒண்ணு சொல்லுதேன், கவனமாக் கேளு. பந்தியில பக்கத்துல இருக்க மனுசன் இஞ்செராவைச் சுருட்டி, கொழம்புல தோச்சு, ஒன் வாய்க்கு நேரா நீட்டுவான். குர்ஷாம்பாங்க. பிரியத்துக்கு ஊட்டுதது. உருண்டை பெருசாத்தான் இருக்கும். பிரியம் பெருசுன்னா உருண்டையும் பெருசு. வாயைத் தொறந்து வாங்கிக்கோ. ஒண்ணோட நிறுத்த மாட்டாங்க, இன்னொண்ணும் வரும். அந்த நேரத்துல ஈரக் காயிதத்தை எடுத்து அவன் கையைத் தொடைக்கப் போனேன்னு வை, அந்த ஊரு ஒன்னை மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்.

காப்பியைப் பத்திப் பெருமை பேசிறாதே. கும்பகோணம் டிகிரி காப்பியெல்லாம் இங்கன. காப்பிச் செடியே காட்டுல தானா மொளச்ச தேசம் அது. வீட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னா தரையில பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணிப் பொகை போட்டு, பச்சைக் கொட்டையைக் கண்ணு முன்னால வறுப்பாங்க. வறுத்த சட்டியை ஒன் மூக்குக்கிட்டக் கொண்டாருவாங்க. மோந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லணும். பெறகு ஒரல்ல இடிச்சு, கழுத்து நீண்ட மண் கூசாவுல காய்ச்சி, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துல ஊத்துவாங்க. பால் இல்ல. மூணு சுத்து வரும். மொதச் சுத்துலயே வாட்சைப் பாத்து எந்திரிச்சா மரியாதை இல்ல. ஒரு டீச்சரம்மா ஊருல இருந்து இன்ஸ்டன்ட் காப்பிப் பொடி ஒரு பாட்டில் பரிசாக் கொண்டு போனா, அப்படி ஒரு வீட்டுக்கு! வீட்டுக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ரொம்பச் சந்தோசம்னா. அலமாரியில பீங்கான் பொம்மைக்கு நடுவுல வச்சா. நான் ஊரு திரும்புத வரைக்கும் சீல் ஒடைக்காம அங்கனதான் இருந்துச்சு.

ஊரு சுத்தணுங்கியா? சுத்து. நடுவுல 2020-ல இருந்து ரெண்டு வருசம் திக்ராய்ல பெரிய சண்டை, பெறகு அம்ஹாரா பக்கமும் துப்பாக்கிச் சத்தம். அதனால எந்த ரோடு தொறந்திருக்குன்னு காலேசுக்காரங்ககிட்டக் கேட்டுட்டுப் பொறப்படு. யூடியூப்பைக் கேக்காதே.

அடிஸ் அபாபா மியூசியத்துல லூசியைப் பாத்துட்டு வா. 32 லட்சம் வருசத்துக்கு முந்தின எலும்பு, 1974-ல எடுத்தாங்க. மூணரையடி ஒசரம். நமக்கெல்லாம் பாட்டி முறை. சாதி என்னன்னு அந்த எலும்புல எழுதலை, நான் குனிஞ்சு பாத்தேன்.

நைல் அருவிக்குப் பங்குனி சித்திரையில போயி ஏமாறாதே. கரண்டு எடுக்கத் தண்ணியைத் திருப்பிட்டாங்க. மழை முடிஞ்ச புரட்டாசியில போ.

லாலிபெலாவுக்குப் போறவன் எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு வாரான். பொளக்கத்தான் செய்யணும். பதினொரு கோயில், கல்லை அடுக்கிக் கட்டல. பாறையை மேல இருந்து கீழாகக் குடைஞ்சு, ஒரே கல்லுல தூண், சன்னல், கூரைன்னு எறக்கியிருக்காங்க. 12, 13-ஆம் நூற்றாண்டு வேலை. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், அதுல ஒனக்குச் செரமம் இல்ல. கம்பளத்துல இருக்க தெள்ளுப்பூச்சி கணுக்காலைப் பதம் பாக்கும், காலுறை போட்டுக்கோ. இப்ப நான் ஒண்ணு கேக்கேன். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாத்திருக்கியா? இல்லியா? வீட்டு வாசல்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரந்தானடே! அதுவும் ஒத்தப் பாறையை மேல இருந்து குடைஞ்சதுதான். பாண்டியங்க காலம், எட்டாம் நூற்றாண்டு, லாலிபெலாவுக்கு நானூறு வருசம் முந்தி. ஆனா அங்க வாய்ச்சவடால் அடிக்காதே. நம்மாளு ஒண்ணை ஆரம்பிச்சுப் பாதியில விட்டான். அவன் பதினொண்ணையும் எறக்கிட்டான்.

கடைசியா ஹரார். மதில் சூழ்ந்த பழைய பட்டணம், உள்ள 82 பள்ளிவாசல். பொழுது அடஞ்சதும் மதிலுக்கு வெளிய கழுதைப்புலிகளுக்குக் கறி போடுவாங்க. ஒரு ஆளு குச்சி நுனியில கறித்துண்டைச் சுத்தி நீட்டுவாரு, அது இருட்டுக்குள்ள இருந்து வந்து கவ்விட்டுப் போகும். பாக்க வந்தவன் கையிலயும் குச்சியைக் குடுப்பாரு. பயந்தா தூர நில்லு, தப்பில்ல. ஆனா அங்க நின்னு செல்பி குச்சியை மட்டும் நீட்டிறாதே. குச்சின்னா நுனியில கறி இருக்கும்னு வருசக்கணக்காப் பழகுன சீவன் அது. எத்தனை மெகாபிக்சல்னு எல்லாம் பாக்காது.